கண்ணீர் அஞ்சலியில் என் பெயர்

1

போன வாரம் ராஜபாளையத்தில் என் அக்கா ஸ்டெல்லாவுக்கு வருஷப் பூசை வைத்தார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. பாரிசுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் பகுதியின் மாதா கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு, ரயில் பிடித்து அலுவலகம் போனேன். ரொட்டி சுடும் இயந்திரம் ஒன்றின் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றுவதுதான் அன்றைய வேலை. மாவு பொங்கி வழிந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்திலேயே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன்.

எல்லோருக்கும் ஒரு சாவுக்கு ஒரு தேதிதான். எனக்கு இரண்டு. அக்கா இறந்த தேதி ஒன்று, அதை என்னிடம் சொன்ன தேதி இன்னொன்று. இடையில் ஏறக்குறைய மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நான் சாப்பிட்டேன், சிரித்தேன், மகளோடு சண்டை போட்டேன், பிரெஞ்சு வினைச்சொற்களை மனப்பாடம் செய்தேன். ஒரு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. ஊரில் இதைப் படிப்பவர்கள், 'இதில் என்ன இருக்கிறது, நல்லதுக்குத்தானே மறைத்தார்கள்' என்று சொல்லக்கூடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. ராஜபாளையத்தில் கல்லூரி. அங்கே ஆங்கில இலக்கியம் படித்தேன் என்ற தலைக்கனத்தோடு பிரான்சில் வந்து இறங்கியவள். என் கணவர் ஜோசப் புதுச்சேரிக்காரர், இங்கே பஸ் ஓட்டுகிறார். வந்த புதிதில், எந்த விண்ணப்பத்துக்குப் போனாலும் மூன்று மாதத்துக்குள் எடுத்த பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பழையது செல்லாதாம். 'நான் ஒரு தடவைதான் பிறந்தேன்' என்று அரைகுறை பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சிரிக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிக்குப் போய் நின்றது அக்காதான்.

"ஏட்டி, நீ பொறந்ததுல அவியளுக்கு இன்னும் சந்தேகம் தீரலையா? இங்க கிளார்க்கு என்னயப் பாத்தாலே எந்திரிச்சுப் போறாரு" என்பாள்.

சின்னச் சின்ன மொழிபெயர்ப்பு வேலைகள் செய்துகொண்டிருந்த எனக்கு நிரந்தர வேலை தருவதாக ஒரு நிறுவனம் சொன்னது. ஆனால் பட்டயத் தேர்வு எழுதித் தேற வேண்டும். நாற்பது வயதைத் தாண்டி மறுபடி வகுப்பு. அந்தத் தேர்வில் எல்லோரையும் கவிழ்ப்பது ஆங்கிலத்தின் கூட்டு வினைகள். ஒரு சின்ன வினையை எடுத்து அதன் வாலில் அப், அவுட், ஆஃப் என்று எதையாவது கட்டிவிட்டால் ஆங்கிலேயனுக்குப் புது வார்த்தை கிடைத்துவிடும். 'புட்' என்றால் வை. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு, 'புட் அவுட்' என்றால் அணை, 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். பிரெஞ்சில் இந்த வால் கட்டும் வேலை நடக்காது. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும், சில சமயம் வாக்கியத்தையே கவிழ்த்துப் போட வேண்டும்.

'சொல்லைப் பார்க்காதீர்கள், கடைசியில் என்ன நடந்தது என்று பாருங்கள்' என்பார் எங்கள் ஆசிரியை. ஒரு நாள் பலகையில் 'ஷீ ரேன் அக்ராஸ் த ஸ்ட்ரீட்' என்று எழுதினார். என்னோடு படித்த அயர்லாந்துக்காரி திணறினாள், போலந்துக்காரர் எதையோ எழுதி அடித்தார். நான் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: தெருவை ஓடிக் கடந்தாள். பிரெஞ்சுக்காரனும் அப்படித்தான் சொல்கிறான், கடந்தாள் என்பதுதான் அவனுக்கு வினை, ஓட்டம் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வகுப்பில் நான்தான் முதலில் முடித்தேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் தமிழை வீட்டுக்குள் மட்டும் வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அது எனக்கு வெளியில் உதவியது. அந்தச் சந்தோஷத்தை அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

3

அக்கா ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொண்டவள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்ததும் அவளை நான் கூப்பிடுவேன். அந்தத் தேர்வு வந்த பிறகு எங்கள் பேச்சே அதுவாகிவிட்டது. நான் ஆங்கிலக் கூட்டு வினையைச் சொல்லி விளக்குவேன், அவள் அதற்கு நம் பக்கத்துப் பேச்சைச் சொல்வாள், அதைப் பிடித்துக்கொண்டு நான் பிரெஞ்சுக்குப் போவேன். எனக்கு அது சுற்று வழிதான், ஆனால் அந்த வழியில்தான் மனதில் நின்றது.

"இன்னைக்கு என்னட்டி வாலு?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

"கிவ் இன். ரொம்ப நேரம் முரண்டு பண்ணிட்டு, கடைசில சரின்னு சொல்றது."

"எறங்கி வாரது. உங்க அத்தான் எங்கிட்ட பண்றது."

"டர்ன் அப். எதிர்பாக்காத நேரத்துல வாரது."

"சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறது. நம்ம சவரியம்மா அத்தைக்குன்னே செஞ்ச வார்த்தை" என்று அவள் சொல்ல, பின்னால் அத்தான் அருள்ராஜ் சிரிப்பது கேட்கும்.

என் மகள் கிளாராவுக்குப் பதினாறு வயது. அவள் இந்தப் பேச்சுகளின்போது காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தன் அறைக்குள் போய்விடுவாள். 'பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை பேசு' என்றால், கதவுக்கு வெளியே தலையை நீட்டி "நல்லா இருக்கீங்களா?" என்பாள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். இந்தப் பிள்ளை நமக்கு இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நான் ஜோசப்பிடம் எத்தனை முறை புலம்பியிருப்பேன்! தமிழில் நான் அவளுக்கு விடாப்பிடியாகச் சொல்லிக் கொடுத்து நிலைத்தது ஒன்றுதான். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக் கூடாது, 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். கிளம்புகிறவரையும் 'போயிட்டு வாங்க' என்றுதான் அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் அவள் மறந்தால், மாடிப்படியிலிருந்து கூப்பிட்டுச் சொல்ல வைத்திருக்கிறேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அத்தான் கூப்பிட்டார்.

"ரோசி, ஒங்க அக்காவுக்குத் தொண்டையில சின்னதா ஒரு ஆபரேசன். பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு மாசம் பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வாட்சப்புல எழுதுவா."

"அக்கா ஒரு மாசம் பேசாம இருப்பாளா? நீங்க பிழைச்சுக்கிட்டீக அத்தான்" என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அதன் பிறகு கூட்டு வினைகளை எழுதி அனுப்பினேன். பதில் சுருக்கமாக வரும், ஆனால் அக்கா பேச்சாகவே இருக்கும். ஒன்றுதான் எனக்கு எரிச்சல் மூட்டியது. 'கெட் ஓவர்' என்பதை அனுப்பி, 'துக்கம் வந்து அதுல இருந்து மீண்டு வாரதுக்கு நம்ம பக்கம் என்ன சொல்லுவோம்?' என்று கேட்டிருந்தேன். படித்ததற்கான நீல அடையாளம் உடனே வந்தது. பதில் மறுநாள்தான் வந்தது. 'அப்படி ஒண்ணு நம்ம பக்கம் கெடையாது. வேற கேளு.' அக்காவுக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று நினைத்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பினேன்.

4

சனிக்கிழமை தேர்வு. நன்றாகவே எழுதினேன். வீட்டுக்கு வந்தபோது ஜோசப் வேலைக்குப் போகாமல் சமைத்து வைத்திருந்தார். சாதம், ரசம், உருளைக்கிழங்கு வறுவல். கிளாரா போனைக் கையில் எடுக்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு இரண்டுமே அதிசயமாக இருந்தது. தேர்வு முடிந்ததற்குக் கொண்டாட்டம் என்று நினைத்துக்கொண்டு, எந்தக் கேள்வி வந்தது, எதில் அந்த அயர்லாந்துக்காரி மாட்டினாள் என்று வாய் ஓயாமல் பேசியபடி சாப்பிட்டேன். "இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கோ" என்றார் ஜோசப். போட்டுக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு வந்ததும் அவர் எழுந்து நின்றார்.

"ரோசி, ஸ்டெல்லா அக்கா இல்ல."

"இல்லன்னா? எங்க போயிருக்கா?"

"இறந்துட்டாங்க. மாரடைப்பு. மூணு வாரம் ஆச்சு."

நான் மேசையைப் பார்த்தேன். ரசம் மிச்சமிருந்தது. இரண்டாம் முறை சாதம் போட்டுச் சாப்பிட்டிருக்கிறேனே என்பதுதான் முதலில் தோன்றியது. அழுகை வரவில்லை. தொண்டை ஆபரேஷன் பண்ணினவர்களுக்கு எப்படி மாரடைப்பு வரும் என்று கேட்டேன். ஜோசப் என் கையைப் பிடித்தார். நான் உதறினேன்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியாதது இல்லை. நம் பக்கத்தில் துட்டி என்கிற சாவுச் செய்தியை வெறும் வயிற்றோடு இருப்பவரிடம் சொல்ல மாட்டார்கள், முதலில் சாப்பிட வைப்பார்கள். பரீட்சை எழுதுகிறவரிடம் கடைசித் தாள் முடியும் வரை மூச்சு விட மாட்டார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதியபோது மம்சாபுரத்தில் எங்கள் சித்தப்பா இறந்தார். 'வெளியூர் வேலைக்குப் போயிருக்காக' என்று என்னிடம் கடைசி நாள் வரை சாதித்தவள் இதே அக்காதான். அன்றைக்கு எனக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. பெரியவளாகிவிட்டால், நாடு தாண்டிவிட்டால், இது என்னைத் தொடாது என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

கிளாரா உள்ளே போய்ப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எடுத்து வச்சாச்சு மா."

வெளிர் நிறச் சேலைகளாகப் பார்த்து மடித்து வைத்திருந்தாள். புது பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு, என் வெளிநாட்டு இந்தியர் அட்டையில் எண் பதிந்திருக்கும் பழைய பாஸ்போர்ட்டும் உறைக்குள் இருந்தது. அது இல்லாவிட்டால் விமான நிலையத்தில் நிறுத்திவைக்கக்கூடும். எல்லாம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "உனக்கும் தெரியுமா?" என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

5

மதுரையில் இறங்கிக் காரில் வந்தேன். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மேற்கே மலை தெரிய ஆரம்பித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். நானும் இறங்கினேன். டீக்கடைக்கு எதிர்ச்சுவரில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அத்தானின் தங்கை கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து அக்காவை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள், தோளில் வேறு யாருடைய கையோ பாதி தெரிந்தது. ஒரு பக்கத்தை யாரோ காதுகுத்து போஸ்டர் ஒட்டி மறைத்திருந்தார்கள். கீழே, ஆழ்ந்த வருத்தத்துடன் என்று போட்டு வரிசையாகப் பெயர்கள். அத்தான் பெயருக்கு அடுத்து என் பெயர். 'தங்கை ரோசி ஜோசப், பிரான்சு.'

நான் பாரிசில் அட்டை அட்டையாக வினைச்சொல் எழுதிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், இந்தச் சுவரில் நான் அழுதுகொண்டிருந்திருக்கிறேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் அதைப் படித்திருக்கிறார்கள்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார், போஸ்டரைப் பார்த்தார்.

"பிரான்சு தங்கச்சி நீங்கதானாம்மா? சாடை இருக்கு. போஸ்டர்ல பேரு பாத்தேன். நல்ல மனுசி. நகராட்சிக்கு வந்தா இங்கதான் டீ குடிப்பாக. உங்க சர்ட்டிபிகேட்டுக்குத்தான் வாரேன்னு சொல்லிச் சிரிப்பாக."

அவர் என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். முன்பின் தெரியாத ஒருவருக்கு, நான் துக்கத்தில் இருப்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அங்கேயே, பஸ் நிலையத்துக்கு எதிரிலேயே, முதன்முதலாக அழுதேன்.

6

ராஜபாளையத்தில் அத்தான் வாசலிலேயே நின்றிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. உள்ளே, போஸ்டரில் பார்த்த அதே படத்துக்கு மாலை போட்டிருந்தது. கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு நான் சண்டையை ஆரம்பித்தேன்.

"யாரக் கேட்டு அத்தான் முடிவு பண்ணுனீக?"

"செவ்வாக்கிழமை காலையில தண்ணி பிடிச்சிக்கிட்டு இருந்தவ அப்படியே உக்காந்துட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. புதன்கிழமை சாயங்காலம் எடுத்தாச்சு. சொல்லியிருந்தாலும் ஒன்னால வந்து சேந்திருக்க முடியாது. பரீட்சையும் போயிருக்கும்."

"போகட்டுமே. போனா எம் பரீட்சைதான போகும்? எங்க அக்கா முகத்தப் பாக்கணுமா வேண்டாமான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? போனைப் பிடிச்சாவது காட்டியிருக்கலாம்ல?"

அத்தான் அலமாரியைத் திறந்து அக்காவின் போனை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"எல்லாத்துக்கும் எழுதிட்டேன். அந்த ஒண்ணுக்குத்தான் எனக்கு ஒண்ணும் தோணல ரோசி."

"எது?"

"துக்கத்துல இருந்து மீண்டு வாரதுக்கு என்ன சொல்லுவோம்னு கேட்டிருந்தேல்ல. ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தொண்டை ஆபரேஷன் பொய் என்று தெரிந்த பிறகும், அந்தப் பதில்களை யார் எழுதியிருப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. பெண்டாட்டியை அடக்கம் செய்துவிட்டு வந்த மனுஷன், என் ஆங்கில வால்களுக்கு அவள் மாதிரியே பதில் எழுதியிருக்கிறார்.

"அவ ஒனக்கு முந்தி வாட்சப்புல பேசி அனுப்புனதெல்லாம் இதுல இருந்துச்சு. அதக் கேட்டுட்டுத்தான் எழுதுவேன். அவ குரலக் கேக்க எனக்கும் ஒரு சாக்கு" என்றார்.

கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இன்றைக்கும் போகவில்லை. ஆனால் அதற்கு மேல் அவரிடம் கத்த எனக்கு வாய் வரவில்லை. அந்த மஞ்சள் முகத்தை அக்காவின் போனிலிருந்தும் அழிக்க முடியுமா என்று என் போனை எடுத்துப் பார்த்தேன். அதற்கான கெடு கடந்துவிட்டிருந்தது.

7

அன்று சாயங்காலம் சவரியம்மா அத்தை வந்தார். எங்கள் அப்பாவின் தங்கை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற அதே அத்தை. கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஒம் மவ பேசுனதக் கேட்டியா?"

"கிளாராவா? எப்போ?"

"எடுக்குறன்னைக்குத்தான். ஒம் புருசனுக்குப் போன் போட்டாக, அவரு பஸ்சு ஓட்டிக்கிட்டு இருந்தாரு. பெறகு ஒம் மவளுக்குப் போட்டாக, அவதான் வீட்டுல இருந்தா. ஒரு பய போனத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நின்னான். பெட்டிய மூடுத வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா பிள்ள. ஒங்க அம்மா சார்பா பெரியம்மாவுக்கு ஏதாச்சும் சொல்லு தாயீன்னோம். அவ என்ன சொன்னா தெரியுமா? 'போயிட்டு வாங்க பெரியம்மா'ன்னுட்டா. துட்டி வீட்டுல, பெட்டிக்குள்ள கெடக்கவளப் பாத்து! சாமியாரே ஒரு நிமிசம் செபத்த நிறுத்திட்டாரு. யாராச்சும் அந்த வார்த்தையச் சொல்லுவாகளா?"

சொல்ல மாட்டார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பும்போதுகூட 'போயிட்டு வாரேன்' என்று சொல்லாமல், சத்தமில்லாமல் எழுந்து போவதுதான் முறை. நான் அவளுக்கு முதல் பாதியை மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் பார்த்த முதல் சாவு இது. இப்படி ஓர் இடம் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மொட்டை மாடிக்குப் போய் பாரிசுக்குக் கூப்பிட்டேன். எடுத்தது புதன்கிழமை சாயங்காலம், பாரிசில் அது மத்தியானம். புதன் மத்தியானம் அங்கே அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அந்தப் புதன்கிழமை எனக்கு நன்றாக நினைவிருந்தது. நான் வகுப்பிலிருந்து வந்தபோது அவள் கண் சிவந்து இருந்தது. 'எந்நேரமும் போன், கண்ணைப் பார்' என்று திட்டினேன். அன்று சாயங்காலம் அவளாகவே வந்து, என் வினைச்சொல் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டாள். அதற்கு முன் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

"தனியாவா பாத்த?" என்று கேட்டேன்.

"ம். சமையல்கட்டுல. அப்பா சாயங்காலம்தான் வந்தாங்க. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு பெரியப்பா அழுதாங்க மா. எனக்குச் சொல்லணும் போலத்தான் இருந்துச்சு. தப்பாச் சொல்லிட்டேனா? அந்தப் பாட்டி கத்துனாங்க. யாரு கிளம்பினாலும் அப்படித்தான் சொல்லணும்னு நீதான சொல்லிக் குடுத்த?"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன். நமக்கு இல்லாமல் போகிறாள் என்று நான் புலம்பிய பிள்ளை, மூன்று வாரம் என் எதிரில் உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் யாரையும்விட ஒழுங்காக ஊர் வழக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். பெருமைப்படுவதா, பயப்படுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஒரு வாரம் இருந்தேன். கிளம்புகிற அன்று கார் வந்து நின்றது. அத்தானிடம் கண்ணால் மட்டும் விடைபெற்று, செருப்பை மாட்டிக்கொண்டு, முறைப்படி ஒன்றும் சொல்லாமல் படி இறங்கினேன். சவரியம்மா அத்தையும் முறைப்படி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரோசி" என்று கூப்பிட்டார் அத்தான். நான் திரும்பினேன்.

"சொல்லிட்டுப் போ."

"ஏலே அருளு!" என்றார் அத்தை, பதறிப்போய்.

"ஒம் மவ சொல்லிட்டா. நீயும் சொல்லிட்டுப் போ."

திறந்திருந்த கதவு வழியாக உள்ளே அக்காவின் படம் தெரிந்தது. தோளில் அந்தப் பாதிக் கை இப்போதும் இருந்தது, அதை வெட்டி எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

"போயிட்டு வாரேன் அத்தான்" என்றேன். அப்புறம் உள்ளே பார்த்து, "போயிட்டு வாரேன்க்கா" என்றேன்.